மலைப் பாசிய வெச்சு காத்துல இருக்கற உலோகத்தை கண்டுபிடிக்க முடியுமா?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். காத்தை அளக்கற மெஷின் எதுவும் இல்லாத மலைப்பகுதில, பாறை மேலயும் மரத்து மேலயும் படர்ந்து கெடக்கற பாசிய எடுத்து லேப்ல குடுத்தா ஈயம், காட்மியம், பாதரசம்லாம் காத்துல எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சிடுமா, இது ஒண்ணு. எம்.எஸ்ஸி ப்ராஜெக்ட்டுக்கு பழனி மலைல, கொடைக்கானல் சுத்துவட்டாரத்துல இதை பண்ணலாமா, இது ரெண்டாவது. ரெண்டாவதுக்கு பதில் தாராளமா பண்ணலாம், பண்ணணும்னுகூட சொல்லுவேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமா பேசணும், ஏன்னா நீங்க பாசிகிட்ட கேக்கற கேள்வியும் பாசி சொல்ற பதிலும் வேற வேற.

காத்துல ஒரு கன மீட்டருக்கு எத்தனை நானோகிராம் ஈயம் இருக்குன்னு பாசி சொல்லாது. போன ரெண்டு மூணு வருஷத்துல இந்த எடத்துல மேலேர்ந்து எவ்ளோ வந்து விழுந்திருக்கு, அந்த மலைச்சரிவுல விழுந்ததை விட இது கூடவா கம்மியா, அஞ்சு வருஷம் முன்னாடி இருந்ததுக்கு இப்ப எப்டி, இதைத்தான் சொல்லும். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு அதை மாதிரி மலிவான, கரண்ட் வேண்டாத, காவலுக்கு ஆள் வேண்டாத கருவி வேற இல்ல. ஆனா ஒரே ஒரு சாம்பிளை எடுத்து, ஒரே ஒரு நம்பரை வெச்சுகிட்டு, "எங்க ஊரு காத்துல விஷம்"னு சொல்ல முடியாது. மலைல இந்த தப்பு ரொம்ப ஈசியா நடக்கும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல எந்த பாசின்னு தெளிவா இருக்கணும். குளத்துல மிதக்கறது இல்ல. பிரியாணி மசாலால போடற கல்பாசியும் இல்ல, அது லைக்கன், பூஞ்சையும் ஆல்காவும் சேந்து வாழறது, அதுவும் உலோகத்தை சேத்து வெக்கும், அதை வெச்சும் ஆராய்ச்சி பண்றாங்க, ஆனா அது வேற உயிர். நாம பேசறது மழைக்காலத்துல சோலைக்காட்டுல கால் வெச்சா மெத்துன்னு அமுங்குமே, குட்டிக் குட்டி இலையோட பச்சையா கெடக்குமே, அந்த மாஸ்.

அதோட இலைல ஒண்ணை பிச்சு மைக்ரோஸ்கோப்ல வெச்சு பாத்தா ஒரு விஷயம் உடனே புரியும். நடு நரம்பு மாதிரி இருக்கற எடத்தை விட்டா பெரும்பாலான வகைல இலை மொத்தமுமே ஒரே ஒரு செல் கனம்தான், பக்கத்து பக்கத்துல பச்சை மணிகள் அடுக்கி வெச்சிருக்கறது அப்டியே தெரியும். மத்த செடிக்கு இருக்கற மெழுகுத்தோல் இதுக்கு இல்ல, இருந்தாலும் ரொம்ப மெல்லிசு. நிஜமான வேரும் கெடயாது, பிடிச்சுக்கறதுக்கு நூல் மாதிரி இழைகள் மட்டும்தான். அதனால தண்ணி, சத்து எல்லாத்தையும் மழை, பனிமூட்டம், தூசு இதுலேர்ந்து நேரா இலை வழியாவே எடுத்துக்குது. செல் சுவர்ல நெகட்டிவ் சார்ஜ் உள்ள யூரோனிக் ஆசிட் வகையறா நெறைய இருக்கறதால, மழைத்தண்ணில கரைஞ்சு வர ஈயம், செம்பு மாதிரி அயனிங்க வந்து கெட்டியா ஒட்டிக்கும், அங்க ஏற்கனவே ஒக்காந்திருந்த கால்சியம், ஹைட்ரஜன் அயனிங்க எடம் விட்டு வெளிய போயிடும். தண்ணி சுத்திகரிக்கற ரெசின்ல நடக்கற அதே அயன் எக்ஸ்சேஞ்ச்தான். தூசா வரது இலை இடுக்குல சிக்கிக்கும்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி ஒட்டாது, இதை கவனிக்கணும். ஸ்வீடன்ல லுண்ட் யூனிவர்சிட்டில ஓகே ரூலிங், கெர்முண்ட் டைலர்னு ரெண்டு பேரு, இந்த துறையவே ஆரம்பிச்சு வெச்சவங்க, 1970-லயே லேப்ல இதை பாத்தாங்க. செம்பும் ஈயமும் ரொம்ப கெட்டியா பிடிச்சுக்கும், அடுத்து நிக்கல், அதுக்கப்புறம்தான் கோபால்ட், துத்தநாகம், மாங்கனீசுலாம். அதனால பாசில ஈயம் கூடிருக்குன்னா அதை நான் தைரியமா நம்புவேன். துத்தநாகம் கூடிருக்குன்னா ரெண்டு தடவ யோசிப்பேன். மாங்கனீசு பத்தி பேசவே மாட்டேன், அது பக்கத்து மரத்துலேர்ந்து சொட்டற தண்ணிலயே ஏகப்பட்டது வரும்.

அந்த ரெண்டு பேரு பண்ணதுல எனக்கு ரொம்ப பிடிச்சது வேற ஒண்ணு. 1968-ல அவங்க மியூசியத்துல இருந்த பழைய பாசி சாம்பிளையெல்லாம் எடுத்து, 1860-கள்லேர்ந்து அன்னிக்கு வரைக்கும், தென் ஸ்வீடன்ல சேகரிச்சதுல ஈயம் எவ்ளோன்னு வரிசையா அளந்தாங்க. ரெண்டு எடத்துல படி ஏறுது. 19-ம் நூற்றாண்டு கடைசி கால்வாசில ஒண்ணு, அது நிலக்கரி எரிச்சது. 1950-க்கு அப்புறம் இன்னொண்ணு, அது பெட்ரோல்ல கலந்த ஈயம். காத்தை அளக்கணும்னு யாருமே நெனைக்காத காலத்து காத்தை நூறு வருஷம் கழிச்சு அளந்திருக்காங்க. யாரோ தாவரவியல் ஆர்வத்துல பறிச்சு, காஞ்ச பாசிய பேப்பர்ல மடிச்சு, எடமும் தேதியும் எழுதி வெச்சதால மட்டும் சாத்தியமான வேலை இது.

அதுக்கப்புறம் நார்வே. மலை நாடு, ஆள் கம்மி, பெரிய ஃபேக்டரிங்க சில எடத்துல மட்டும். அங்க ஐலிவ் ஸ்டெய்ன்னஸ்ன்ற கெமிஸ்ட் 1977-ல நாடு முழுக்க பாசி சேகரிச்சு மேப் போட்டாரு. மேப்ல என்ன தெரிஞ்சுதுன்னா, ஈயமும் காட்மியமும் தெற்கு முனைல ரொம்ப அதிகம், வடக்கே போகப் போக பத்துல ஒரு பங்குக்கு எறங்கிடுது. தெற்குல அந்த மலைங்கள்ல ஈயத்தை வெளிய விடற ஃபேக்டரி ஒண்ணும் இல்ல. அது பிரிட்டன்லேர்ந்தும் மத்த ஐரோப்பாலேர்ந்தும் காத்துல வந்து, தெற்கு நார்வே மலைல மேகம் மோதி மழையா கொட்டறப்ப எறங்கினது. பின்னாடி ஈயத்தோட ஐசோடோப்பு (ஒரே உலோகத்துல எடை மட்டும் வேற வேறயா இருக்கற அணுக்கள்) விகிதத்தையும் பாசில பாத்தாங்க, ஈயம்-206-க்கும் ஈயம்-207-க்கும் உள்ள விகிதம், எந்த சுரங்கத்து தாதுன்றதைப் பொறுத்து மாறும். ஐரோப்பால பெட்ரோல்ல போட்ட ஈயத்துல கணிசமான பங்கு ஆஸ்திரேலியாவோட ப்ரோக்கன் ஹில் சுரங்கத்து தாது, அதோட விகிதம் மத்ததை விட நல்லாவே கம்மி, அதனால தனியா அடையாளம் தெரியும். அதே மேப்ல வடகிழக்கு ஓரத்துல, ரஷ்ய எல்லைய ஒட்டி, நிக்கலும் செம்பும் மட்டும் திடீர்னு ஏறி நிக்கும், அது எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த நிக்கல் உருக்காலை. அந்த ஆலை 2020 கடைசில மூடினாங்க.

இப்டி ஒரு நாட்டு புகை இன்னொரு நாட்டு மலைல எறங்குதுன்னு ஆதாரத்தோட தெரிஞ்சதுக்கப்புறம் ஒரு நாடு மட்டும் அளந்தா பத்தாதுன்னு ஆயிடுச்சு. 1990-லேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஐரோப்பா முழுக்க சேந்து பண்றாங்க, 2005-ல நடந்ததுல 28 நாடு, கிட்டத்தட்ட 6,000 எடம். 2014-ல இதை ஒருங்கிணைக்கற பொறுப்பு ரஷ்யால டுப்னால இருக்கற அணு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு போச்சு. 1990-லேர்ந்து 2010-க்குள்ள பாசில ஈயம் முக்கால் பங்கு கொறைஞ்சிருக்கு, காட்மியம் பாதியா ஆயிருக்கு. பெட்ரோல்ல ஈயத்தை நிறுத்தினது வேலை செஞ்சுதான்னு யாராவது கேட்டா இந்த மேப்பைத்தான் காட்டணும். பாதரசம் மட்டும் அவ்ளோ கொறையல, அது ஆவியாவே உலகம் முழுக்க சுத்தற சாமான், ஒரு கண்டம் மட்டும் நிறுத்தினா பத்தாது.

சரி, இப்ப மலைக்கு வருவோம். சமவெளில வேலை செய்யற கணக்கு மலைல அப்டியே வேலை செய்யாது.

மலை உசரத்துல மழை ஜாஸ்தி. ஆஸ்திரியால ஹரால்ட் செக்மைஸ்டர் 1995-ல எழுதினது இதைப் பத்திதான், ஆல்ப்ஸ்ல மேல போகப் போக பாசில ஈயம், காட்மியம் மாதிரி உலோகம் கூடுது, மழை அளவோட சேந்து கூடுது. மேல ஃபேக்டரி இருக்குன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, கீழேர்ந்து வரது மேல கூடுதலா கழுவி எறங்குது. அதோட மூடுபனி. மேகத்துளில இருக்கற அழுக்கு மழைத்துளில இருக்கறதை விட பல மடங்கு அடர்த்தி, மலை முகட்டுல மேகம் தரையோட உரசிகிட்டு போறப்ப அந்த துளிங்க பாசி மேல நேரா படியுது, மழைமானில இது பதிவே ஆகாது. கொடைக்கானல்ல ஒரு சாயங்காலம் மூடுபனி வந்து போனதுக்கப்புறம் மழை பெய்யாமலே பாசி சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கும், பாத்திருப்பீங்க.

இன்னொண்ணு, வளர்ச்சி. மேல குளிர், பாசி மெதுவா வளரும். ஒரே அளவு ஈயம் மேலயும் கீழயும் விழுதுன்னே வெச்சுக்கங்க, கீழ பாசி வேகமா வளந்து உடம்பு கூடிருக்கும், மேல கம்மியா வளந்திருக்கும். நாம சொல்ற நம்பர் ஒரு கிலோ காஞ்ச பாசிக்கு எத்தனை மில்லிகிராம்ன்ற கணக்கு. ஒரே கை உப்பை பெரிய சட்டிக் குழம்புல போட்டா தெரியாது, சின்ன சட்டில போட்டா கரிக்கும், அதே கதைதான், விழுந்தது ஒண்ணாவே இருந்தாலும் மேல எடுத்த சாம்பிள்ல நம்பர் கூட காட்டும். அதனால மலைல வேலை செய்யறவங்க பாசி ஒரு வருஷத்துக்கு எவ்ளோ வளந்துதுன்னும் அளந்தா நல்லது.

இதுக்கு ஐரோப்பாக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. ஹைலோகோமியம் ஸ்ப்ளெண்டென்ஸ்னு ஒரு பாசி, வடக்கு காடுங்கள்ல கம்பளம் விரிச்சாப்ல இருக்கும். அது ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்து கிளையோட நடுமுதுகுலேர்ந்து ஒரு புது தளிரை விடும், அது வளைஞ்சு விரிஞ்சு ஒரு சின்ன இறகாட்டம் தட்டையா நிக்கும், அடுத்த வருஷம் அதோட முதுகுலேர்ந்து இன்னொண்ணு. ஒரு தண்டை கைல எடுத்து ஓரமா பிடிச்சா அடுக்கடுக்கா தெரியும், மேல வெளிர் பச்சை இந்த வருஷம், அதுக்கு கீழ கரும்பச்சை போன வருஷம், அதுக்கும் கீழ பழுப்பு ஏற ஆரம்பிச்சது அதுக்கு முந்தின வருஷம். இடுக்கியால மூணு அடுக்கை மட்டும் வெட்டி எடுத்தா மூணு வருஷத்து கணக்கு கைல வந்திடும், அந்த மூணை தனியா எடை போட்டா வளர்ச்சியும் தெரிஞ்சிடும். நம்ம தெற்கு மலைங்கள்ல இந்த வகை கிடைக்காது. நமக்கு கிடைக்கறதுல வருஷ அடுக்கு இவ்ளோ தெளிவா தெரியாது, அதனால பச்சையா உயிரோட இருக்கற நுனிப்பகுதிய மட்டும் எடுக்கணும், கீழ பழுப்பா மண்ணோட கலந்தது வேண்டவே வேண்டாம். முக்கியமா எல்லா எடத்துலயும் ஒரே வகை. இங்க ஒரு பாசி அங்க ஒரு பாசின்னு எடுத்து ஒப்பிட்டா அந்த டேட்டாவ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

மூணாவது சிக்கல் மண்ணும் பாறையும். மலைல மண்சரிவு, ரோடு வெட்டறது, குவாரி, காஞ்ச தூசு எல்லாம் பாசி மேல படியும். அந்த மண்லயே இயற்கையா நிக்கலும் குரோமியமும் இருந்தா பாசில அது தெரியும். அல்பேனியால இதுதான் ஆகுது, அங்க மலைப்பாறைங்கள்ல நெறைய எடத்துல குரோமியமும் நிக்கலும் நெறைஞ்ச வகை, ஐரோப்பா மேப்ல அந்த நாடு செவப்பா தெரியும், அதுல கணிசமானது பாறைத்தூசு. பக்கத்துல வடக்கு மாசிடோனியாவும் மலை நாடுதான், அங்க பாசி மேப்ல வேலெஸ் ஊர்ல ஈயம், துத்தநாகம், காட்மியம் சேந்து ஏறும், அங்க 2003 வரைக்கும் ஈய-துத்தநாக உருக்காலை ஓடிச்சு, கவதார்ட்ஸி பக்கம் நிக்கலும் குரோமியமும் ஏறும், அங்க ஃபெர்ரோ நிக்கல் ஆலை. ரெண்டு நாட்டுலயும் நிக்கல் நம்பர் பெருசு, காரணம் வேற. இதை எப்டி பிரிக்கறதுன்னா கூடவே அலுமினியத்தையும் அளக்கணும். அலுமினியம் பெரும்பாலும் மண்லேர்ந்து வரது. ஒரு எடத்துல நிக்கல் கூடறப்ப அலுமினியமும் அதே விகிதத்துல கூடுதுன்னா அது மண்தூசு. அலுமினியம் கம்மியா இருந்து காட்மியம் மட்டும் எகிறி நின்னா அங்க எரிக்கறாங்க, உருக்கறாங்க, ஏதோ ஒண்ணு நடக்குது. ஒரு உலோகத்தை மட்டும் தனியா அளக்காதீங்கன்னு இதுக்குத்தான் திரும்பத் திரும்ப சொல்றது.

மலை ரோடுக்குன்னே ஒரு கையெழுத்து இருக்கு, ஆண்டிமனி. ப்ரேக் பேடுல ஆண்டிமனி சல்ஃபைடு சேப்பாங்க, கூட செம்பும் இருக்கும், டயர்ல துத்தநாகம். எறக்கத்துல லாரியும் பஸ்ஸும் ப்ரேக் பிடிச்சுகிட்டே வளைவு திரும்பற எடத்துல இது தூளா பறந்து படியும். வத்தலகுண்டு ரோட்டுல ஒரு வளைவு, அதே உசரத்துல ரோடே இல்லாத சரிவு, ரெண்டு எடத்துலயும் ஒரே பாசிய எடுத்து ஆண்டிமனியும் செம்பும் பாத்தாலே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

இப்ப கொடைக்கானல். நீங்க அந்த ஊரை சொன்னதாலயே இதை சொல்லியாகணும், தமிழ்நாட்டு மலைல பாசிய வெச்சு உலோகத்தை பாத்த முக்கியமான வேலை அங்கதான் நடந்திருக்கு. 1980-கள்ல அமெரிக்காலேர்ந்து தூக்கிட்டு வந்து வெச்ச தெர்மாமீட்டர் ஃபேக்டரி, பின்னாடி ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது, பாதரசம் ஒட்டின ஒடஞ்ச கண்ணாடிய பழைய சாமான் கடைக்கு வித்தது வெளிய வந்து ஊர்க்காரங்களும் தொழிலாளிங்களும் போராடி 2001-ல மூடினாங்க. அதுக்கப்புறம் ஹைதராபாத்ல இருக்கற அணுசக்தித் துறையோட லேப் ஆட்கள் ஃபேக்டரி சுத்தி இருந்த லைக்கனையும் பாசியையும் எடுத்து பாதரசம் பாத்தாங்க, 2003-ல வெளியாச்சு. ஃபேக்டரிய ஒட்டி எடுத்ததுல அளவு ரொம்ப அதிகம், தூரத்து மலைங்கள்ல எடுத்ததோட ஒப்பிட்டா அந்த வித்தியாசத்துக்கு வேற விளக்கமே சொல்ல முடியாது. அதே குழு கொடைக்கானல் ஏரி தண்ணி, வண்டல், மீன்லயும் பாதரசத்தை பாத்து 2006-ல எழுதினாங்க, ஃபேக்டரிலேர்ந்து ஆவியா காத்துல கலந்தது ஏரி வரைக்கும் போயிருக்குன்றது அவங்க முடிவு. எனக்கு அந்த வேலை மேல ரொம்ப மரியாதை. தண்ணியோ மண்ணோ மட்டும் பாத்திருந்தா "அந்த வளாகத்துக்குள்ளதான் பிரச்சனை"ன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். பாசிக்கு வேர் கெடயாது, அதுல பாதரசம் ஏறினா பெரும்பாலும் அது காத்து வழியாத்தான் வந்திருக்கணும், அந்த வாதத்தை தட்டறது கஷ்டம்.

ஆனா இங்கயே பாசியோட எல்லையும் தெரியுது. சரிவுல சோலை வழியா ஓடையில எறங்கின பாதரசத்தை பாசி சொல்லாது, அதுக்கு மண்ணும் வண்டலும்தான் பாக்கணும். தொழிலாளிங்க ஷெட்டுக்குள்ள எவ்ளோ ஆவிய சுவாசிச்சாங்கன்றதையும் சொல்லாது. இன்னிக்கு போய் பாசி எடுத்தா வரது போன சில வருஷத்து கணக்குதான், 1990-கள்ல என்ன நடந்துச்சுன்றது அதுல இருக்காது. பாதரசத்துல இன்னொரு தொல்லை, அது மண்லேர்ந்து வெயில்ல மறுபடி ஆவியாகி எழும்பும், அதனால பழைய அழுக்கு இருக்கற எடத்துல புதுசா யாரும் ஒண்ணும் கொட்டாமலே பாசில பாதரசம் ஏறலாம்.

"அப்ப ஃபேக்டரிக்கு முன்னாடி எப்டி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வழியே இல்லியா"ன்னு கேப்பீங்க. பாதி இருக்கு. ஜார்ஜ் ஃபோரோன்னு ஒரு இயேசு சபை பாதிரியார், செண்பகனூர்ல இருந்தவரு, பழனி மலை பாசிங்களை தேடித் தேடி சேகரிச்சு, அந்த மலையோட பாசிப் பட்டியலை 1961-ல வெளியிட்டாரு. அந்த மாதிரி பழைய பாக்கெட்டுல கொஞ்சூண்டு எடுக்க அனுமதி கெடச்சா ஈயம், காட்மியம்லாம் ஸ்வீடன்ல பண்ண மாதிரியே பாக்கலாம், இந்தியால 2000-ல ஈயம் கலந்த பெட்ரோல் நின்னதை பழனி மலைல பாக்க முடியுமான்ற கேள்விக்காகவே இது செய்யத் தகுந்த வேலை. ஆனா பாதரசத்தை மட்டும் அதுல தேடாதீங்க. பழைய ஹெர்பேரியங்கள்ல, அதாவது காஞ்ச செடிங்களை சேத்து வெக்கற எடங்கள்ல, பூச்சி அரிக்காம இருக்க மெர்க்குரிக் குளோரைடு பூசற வழக்கம் இருந்துச்சு, பாசி பாக்கெட்டுல நேரா பூசாட்டியும் அதே அலமாரில பூசின ஷீட்டுலேர்ந்து ஆவியா வந்து ஏறியிருக்கும், வர நம்பருக்கு அர்த்தமே இருக்காது.

எடுக்கற முறை. ஐரோப்பா கையேடு சொல்றதை அப்டியே எடுத்துக்கங்க, அது முப்பது வருஷ அனுபவம். பெரிய ரோடு, ஊருலேர்ந்து குறைஞ்சது 300 மீட்டர் தள்ளி, சின்ன ரோடு, தனி வீடுன்னா 100 மீட்டர். இது பொதுவான நிலவரத்தை பாக்கறதுக்கு, ரோட்டையே பாக்கணும்னா வேணும்னே பக்கத்துல எடுக்கலாம், ஆனா தூரத்தை அளந்து எழுதுங்க. மரத்து கிளை நிழலுக்கு வெளிய 3 மீட்டர் தள்ளி எடுக்கணும், ஏன்னா மரத்துலேர்ந்து சொட்டற தண்ணி கணக்கை மாத்திடும். சோலைக்குள்ள இது நடக்கவே நடக்காது, அதனால சோலை ஓரத்து புல்வெளில இருக்கற பாறைங்களை பாருங்க. ஒரு எடம்னா ஐம்பதுக்கு ஐம்பது மீட்டர் பரப்புல அஞ்சுலேர்ந்து பத்து எடத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒண்ணா சேக்கணும். தகர கூரை, கால்வனைஸ்டு வேலி, மின்கோபுரம் இதுக்கு கீழ வேண்டாம், துத்தநாகம் சொட்டிகிட்டே இருக்கும்.

பவுடர் போடாத க்ளவுஸ், அதுல சந்தேகமே வேண்டாம். சாதா ஸ்டீல் கத்தரிக்கோல்லேர்ந்து குரோமியமும் நிக்கலும் ஏறும், செராமிக் இல்ல ப்ளாஸ்டிக் இடுக்கி வெச்சுக்கங்க. கூட வரவங்க பீடி சிகரெட் பிடிச்சா அந்த பக்கமே விடாதீங்க, புகையிலைல காட்மியம் இருக்கு. லேப்புக்கு வந்ததும் சருகு, மண், பூச்சிய கையால பொறுக்கி எடுக்கணும், ஆனா தண்ணில கழுவக் கூடாது. கழுவத்தான் எல்லாருக்கும் கை போகும், கழுவினா மேல படிஞ்ச தூசு ஒரு சாம்பிள்ல பாதி போகும் இன்னொண்ணுல முக்கால் போகும், அப்புறம் ஒப்பிடவே முடியாது. காய வெக்கறது 40 டிகிரில, 105-ல ஓவன்ல போட்டா பாதரசம் ஆவியா போயிடும். அப்புறம் நைட்ரிக் ஆசிட்ல மைக்ரோவேவ் டைஜெஷன், அதாவது சூடாக்கி மொத்தமா கரைக்கறது, உலோகம் அளக்க ஐசிபி-எம்எஸ் மெஷின் கெடச்சா ஒரே ஓட்டத்துல எல்லாம் வரும், இல்லாட்டி ஏஏஎஸ் மெஷின்ல ஒவ்வொண்ணா. பாதரசத்துக்கு கோல்டு வேப்பர் (குளிர் ஆவி) முறை தனியா. ஒவ்வொரு பேட்ச்சோடயும் அளவு ஏற்கனவே தெரிஞ்ச ரெஃபரன்ஸ் பாசி ஒண்ணை ஓட்டுங்க, ஃபின்லாந்துல தயார் பண்ண எம்2, எம்3-ன்னு ரெண்டு இருக்கு. அது கெடைக்கலன்னா வேற தாவர ரெஃபரன்ஸ். அது இல்லாம வர நம்பரை நான் படிக்கக்கூட மாட்டேன்.

காலத்தையும் யோசிங்க. பழனி மலைல பெரிய மழை ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குலேர்ந்து, அப்ப காத்து சமவெளிலேர்ந்து ஏறி வருது. ஆடி மாசத்துல காத்து மேற்குலேர்ந்து, கேரளா பக்கம். அதனால கிழக்கு சரிவு, மேற்கு சரிவு ரெண்டுலயும் ஒரே உசரத்துல ஜோடி ஜோடியா எடம் பிடிச்சு, எல்லாத்தையும் தை மாசி வாக்குல சில வாரத்துக்குள்ள எடுத்து முடிச்சிடுங்க. உசரத்தால வர வித்தியாசம் அப்ப தானா அடிபட்டுப் போகும், மிச்சம் நிக்கறது காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து கொண்டுவந்ததுன்றதுதான்.

வேணும்ன்ற எடத்துல அந்த வகை பாசி இல்லன்னா மாஸ் பேக். 1971-ல பிரிட்டன்ல ஸ்வான்சீ பள்ளத்தாக்குல குட்மேன், ராபர்ட்ஸ்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சது. சுத்தமான எடத்து பாசிய எடுத்து, நைலான் வலைல உருண்டையா கட்டி, வேணும்ன்ற எடத்துல சில வாரம் தொங்க விட்டு, எடுத்து அளக்கறது, தொங்க விடறதுக்கு முன்னாடி இருந்த அளவை கழிச்சுக்கணும். இங்க காட்டுலேர்ந்து அள்ளிட்டு வர வேண்டாமேன்னு ஐரோப்பால மாஸ்க்ளோன்னு ஒரு திட்டத்துல ஸ்பாக்னம் பாசிய லேப்லயே ஒரே க்ளோனா வளத்து பைல போட்டாங்க, எல்லா பையும் அச்சா ஒண்ணா இருக்கும். நம்ம ஊர்ல மாஸ் பேக்குக்கு அடைமழை ஒரு சவால், வாரக்கணக்கா கொட்டினா பிடிச்சதுலயும் கொஞ்சம் கழுவிட்டு போகும், அதனால மழை விட்ட மாசங்கள்ல தொங்க விடறது மேல்.

ரிசல்ட் வந்ததும் என்ன பண்றதுன்றதுக்கு போர்ட்லேண்ட் நல்ல உதாரணம், அது மலை ஊர் இல்ல, ஆனாலும் வரிசை சரி. அமெரிக்க வனத்துறையோட சாரா ஜோவன், ஜெஃப்ரி டோனவன் ரெண்டு பேரும் 2013-ல நகரம் முழுக்க மரங்கள்லேர்ந்து 346 பாசி சாம்பிள் எடுத்தாங்க. மேப்ல காட்மியம் ரெண்டு எடத்துல குவிஞ்சிருந்துது, ரெண்டுமே கலர் கண்ணாடி செய்யற ஆலைங்க பக்கம். பாசிய காட்டி அவங்க யாரையும் குத்தம் சொல்லல, அந்த எடத்துல காத்து மானிட்டர் வைங்கன்னு சொன்னாங்க. மாநில அரசு வெச்சுது, காத்துல காட்மியமும் ஆர்செனிக்கும் பாதுகாப்பு அளவை விட பல மடங்கு இருந்துச்சு. விலை கூடின மெஷினை எங்க வெக்கணும்னு பாசி காட்டுது, சட்டப்படி பேசற நம்பரை மெஷின் குடுக்குது. உங்க மேப்ல ஒரு எடம் தனியா எகிறி நின்னா நீங்களும் அதைத்தான் கேக்கணும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அங்க ஃபில்டர் வெச்சு அளக்கணும்னு.

கடைசியா ரெண்டு காரியம், தள்ளிப் போடாம இப்பவே ஆரம்பிங்க. பழனி மலைல கணிசமான பகுதி காட்டுயிர் சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாம ஒரு பிடி பாசிகூட எடுக்க முடியாது, அந்த அனுமதி வர மாசக்கணக்கு ஆகும், அதனால கைடுகிட்ட கையெழுத்து வாங்கி லெட்டரை மொதல்ல அனுப்பிடுங்க. வகை எதுன்னு உறுதி பண்ண கோயமுத்தூர்ல இருக்கற தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தெற்கு வட்டார ஆபீஸ்ல கேளுங்க. லேப்ல அளந்தது போக மிச்சம் இருக்கற காஞ்ச பாசிய தூக்கிப் போடாம, ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு பாக்கெட், எடம், உசரம், தேதி, பாசி வகை எழுதி அங்கயே ஹெர்பேரியத்துல குடுத்திடுங்க. எழுதறது பென்சில்ல, ஈரம் பட்டா பேனா மை கலைஞ்சிடும்.